கணித மேதை இராமாநுஜரும் அவர் தாங்கிய உளச்சுமையும்

சீநிவாச இராமாநுஜரின் வரலாற்றை அறியாதார் நம் கல்லூரியில் இலர். ஈரோட்டிற் பிறந்து, குடந்தையில் வளர்ந்து, சென்னையில் எழுத்தராய் அமர்ந்து, கேம்பிரிட்ஜ் சென்று புகழ் பெற்று, முப்பத்திரண்டாம் அகவையில் மறைந்தார் என்னும் அளவில் அது பள்ளிப் பாடங்களிலும் இடம் பெற்றுவிட்டது. அவர் கண்ட தேற்றங்களை விளக்கும் ஆற்றல் தமிழ் மாணாக்கராகிய நமக்கு இல்லை. அதனைக் கணிதம் பயிலும் நண்பர்க்கே விட்டுவிடுகிறோம். அவர் நோயுற்ற வரலாற்றையே ஈண்டு எழுதப் புகுந்தோம். அவருடைய மறைவைக் குறித்து இருவேறு கதைகள் மக்களிடையே உலவுகின்றன. ஓயாத கணக்கே அவர் மூளையை எரித்துவிட்டது என்பர் ஒரு சாரார். இங்கிலாந்தின் குளிரே அவரைக் கொன்றது என்பர் மற்றொரு சாரார். ஒருமுறை அவர் தம் உயிரைப் போக்கிக்கொள்ள முயன்றமையை நெஞ்சத் தளர்ச்சி என்று இழித்துரைப்பாரும் உளர். மனக்கவலையின்போது உடலிற் சுரக்கும் ஹார்மோன்களைப் பற்றியும், மூளையில் உண்டாகும் அழற்சியைப் பற்றியும் பிற்காலத்து மருத்துவ நூலோர் கண்டவற்றைச் சிறிதேனும் அறிந்தபின் அவ்வரலாற்றைப் படிப்போமாயின், அது நமக்கு வேறுவகையாகத் தோன்றும்.

இவ்வரலாற்றுக்கும் நம் தாம்பரத்திற்கும் ஒரு தொடர்பு உண்டு. குரோம்பேட்டைக்கும் தாம்பரத்திற்கும் இடையே சானடோரியம் என்றொரு புகைவண்டி நிலையம் இருப்பதை நாம் நாள்தோறும் காண்கிறோம். அப்பெயர்க்குக் காரணமான காசநோய் மருத்துவமனையை 1928-இல் நிறுவியவர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து என்னும் தமிழ் மருத்துவர். பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய அம்மனை 1937-இல் அரசாங்கத்தின் பொறுப்புக்கு வந்தது. நம் கல்லூரி பட்டினத்தை விட்டுத் தாம்பரம் வந்ததும் அவ்வாண்டிலேதான். சௌரிமுத்து இங்கு வருவதற்குமுன் இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் வெல்ஸ் நகரருகே ஒரு சானடோரியம் நடத்தி வந்தார். 1917-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் அங்கே நோயாளியாய்ச் சேர்க்கப்பட்டவர்களுள் இராமாநுஜரும் ஒருவர். சானடோரியத்தின் வாயிலைக் கடந்து செல்லும் மாணாக்கருள் எத்துணைப் பேர் இதனை அறிவரோ, அறியோம்.

இராமாநுஜர் 1887-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் சீநிவாச ஐயங்கார் குடந்தையில் ஒரு துணிக்கடையிற் கணக்கெழுதி வந்தவர், தாயார் கோமளத்தம்மாள். இரண்டாம் வயதிலே பெரியம்மை கண்டு பிழைத்தார். அவருக்குப் பின் பிறந்த குழவிகள் சில மழலைப் பருவத்திலேயே இறந்தன. பள்ளியிற் பரிசுகள் பல பெற்ற இம்மாணவர், 1904-இல் குடந்தை அரசினர் கல்லூரியிற் சேர்ந்தபின், கணிதம் ஒன்றையன்றிப் பிறிதொன்றையும் நோக்காராயினர். ஆங்கிலத்திற் குறைந்த மதிப்பெண் பெற்றார்; உபகாரச் சம்பளம் பறிபோயிற்று. 1905-இல் வீட்டாருக்குச் சொல்லாமலே விசாகப்பட்டினம் சென்றுவிட்டார். மறு ஆண்டு சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தபோது வயிற்றுக்கடுப்பு நோய் அவரைப் பற்றியது. ஊர் திரும்பி உடல் தேறியபின் மீண்டும் வந்தார். அங்கும் தேர்வில் தோற்றார். அவரைத் தோற்கச் செய்த பாடங்களுள் உடலியலும் ஒன்று. உடலின் செய்கைகளைப் பற்றிய அப்பாடத்தின்மேல் அவருக்குப் பற்றே இருந்ததில்லை. மேற்கூறிய வயிற்றுக்கடுப்பைப் படிப்போர் மறவாதிருத்தல் வேண்டும். அதற்குப் பின்னரும் இவ்வரலாற்றில் இடம் உண்டு.

1909-இல் ஜானகி அம்மையாரை மணந்தார். மறு ஆண்டு அறுவை மருத்துவம் ஒன்று தேவைப்பட்டபோது அதற்குரிய பணம் வீட்டில் இல்லை. மருத்துவர் ஒருவர் இலவசமாகச் செய்து உதவினார். பின்னர்த் தம் குறிப்பேடுகளைக் கையிலே கொண்டு வேலை தேடி ஊர் ஊராய் அலைந்தார். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு முதல் நாள் சென்னைத் துறைமுகக் கழகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார். அந்நாளில் நம் கல்லூரியும் ஜார்ஜ் டவுனில் இருந்தது. நம் கணிதப் பேராசிரியர் ராஸ் துரை இராமாநுஜரின் திறத்தை அறிந்திருந்தவர்களுள் ஒருவர். ஒருநாள் அவர் பரபரப்போடு வகுப்பறைக்குள் நுழைந்து, இராமாநுஜருக்குப் போலந்து மொழி தெரியுமா என்று மாணாக்கரை வினவினாராம். போலந்துக் கணிதர் ஒருவரின் கட்டுரை அன்றைய தபாலில் வந்திருந்தது. அதிலுள்ள முடிபை இராமாநுஜர் முன்னரே கண்டு எழுதியிருந்தார். இதனைச் சொல்லாமற் போக நம் மனம் இடங்கொடுக்கவில்லை.

1913-ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதமும், அதனால் விளைந்தனவும் யாவரும் அறிந்தவை. 1914-ஆம் ஆண்டு மார்ச்சு 17-ஆம் நாள் நெவாசா என்னும் கப்பலில் சென்னையை விட்டுப் புறப்பட்டார். ஏப்பிரலில் இலண்டனை அடைந்தார். ஆகஸ்டில் பெரும்போர் மூண்டது.

போர் மூண்டபின் அவருக்கு நேர்ந்தவற்றைச் சற்று விரிவாக எண்ணிப் பார்த்தல் தகும். அவர் புலால் உண்ணாதவர். கல்லூரிச் சமையலறையில் சமைத்த மரக்கறியையும் ஏற்கத் துணியாது, தம் அறையிலே தாமே சமைத்து உண்டார். போர்க்காலத்திற் காய்கறிகளும் எளிதிற் கிடைக்கவில்லை. கணக்கில் மூழ்கிவிட்டால் உணவு வேளையும் உறக்க வேளையும் மறந்துபோகும். இரவெல்லாம் விழித்திருந்து பகலிற் கண்ணயர்வதும் உண்டு. கேம்பிரிட்ஜ் மாணாக்கரும் ஆசிரியருமாய் இருந்தோர் பலர் போர்க்களம் சென்றுவிட்டமையால் கல்லூரி வெறிச்சோடிக் கிடந்தது; ஹார்டியோடு நெருங்கி உழைத்த லிட்டில்வுட்டும் படைத்துறைப் பணிக்குச் சென்றுவிட்டார். ஊரிலிருந்து வரும் கடிதங்கள் கடற்போரைக் கடந்து வரவேண்டியிருந்தன. ஊரிலோ மாமியார்க்கும் மருமகளுக்கும் ஒற்றுமை இல்லை. ஜானகி அம்மையார் எழுதிய கடிதங்கள் கணவரைச் சென்றடையாதவாறு கோமளத்தம்மாள் தடுத்துவந்தார். மனைவி ஏன் எழுதவில்லை என்பதன் உண்மை ஆறாயிரம் மைலுக்கு அப்பாலிருந்த கணவர்க்கு எங்ஙனம் விளங்கும்? இச்சுமைகளுக்கு இடையேதான் 1916-இல் ஆராய்ச்சிக்காகப் பட்டம் பெற்றார். ஹார்டியோடு கூடிப் பகுப்பெண்களைப் பற்றிய பெருங்கட்டுரையையும் முடித்தார். கணக்கு அவரை எரித்ததென்பார் இதனை நோக்குவாராக. நாம் காணும் அளவில், அந்நாட்களில் அவர்க்கு வாய்த்த ஒரே நிழல் கணக்கே.

1917-ஆம் ஆண்டு வேனிலில் அவர் படுத்தார். இரவுதோறும் காய்ச்சல் கண்டது, உடல் மெலிந்தது. கேம்பிரிட்ஜிலே ஒரு மருத்துவ மனையிலும், பின் மெண்டிப்பிலும், அதன்பின் டெர்பிஷயரில் மேட்லாக் என்னும் ஊரிலும் கிடந்தார். மருத்துவர் ஒருவர் இரைப்பைப் புண் என்றார். மற்றொருவர் காசம் என்றார். முன்னர்ச் செய்த அறுவையைக் கேட்டு, ஈரலிற் புற்றுநோய் பரவியிருக்குமோ என்று ஐயுற்றாரும் உண்டு. காசநோயென்றே பெரும்பாலும் கொள்ளப்பட்டமையால், அக்கால வழக்கப்படி திறந்த சாளரங்களின் கீழே கடுங்குளிரிற் கிடத்தப்பட்டார். 1994-இல் யங் என்னும் ஆங்கில மருத்துவர் பழைய குறிப்புகளையெல்லாம் ஆராய்ந்து, இராமாநுஜரைப் பற்றியது காசமன்று, ஈரலைப் பற்றிய அமீபா நோயே என்று முடிவு செய்தார். இளமையிற் கண்ட வயிற்றுக்கடுப்பின்போது உட்புகுந்த அமீபா ஆண்டுகள் பல அடங்கிக் கிடந்து பின்னர்த் தலையெடுத்தது என்பது அவர் கருத்து. இந்நோய்க்கு எமிட்டீன் என்னும் மருந்து பயன்படுதலை லெனார்டு ராஜர்ஸ் என்பார் கல்கத்தாவில் 1912-லேயே காட்டியிருந்தார். மருந்து இருந்தது, நோய் இன்னதென்று தெளியப்படவில்லை. இதனை எழுதும்போது நம் நெஞ்சு கனக்கின்றது.

இனி ஹார்மோன்களைப் பற்றிச் சிறிது கூறுவோம். சிறுநீரகம் ஒவ்வொன்றின் மேலும் தொப்பிபோல் அமர்ந்திருப்பது அட்ரினல் சுரப்பி. அச்சமோ, பசியோ, துயரோ நேர்ந்தபோது மூளையின் அடிப்பகுதியிலிருந்து பிட்யூட்டரிச் சுரப்பிக்கும், அங்கிருந்து அட்ரினலுக்கும் செய்தி செல்ல, கார்ட்டிசோல் என்னும் ஹார்மோன் இரத்தத்திற் பெருகுகிறது. அச்சமும் பசியும் உடலை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை அமெரிக்க அறிஞர் வால்ட்டர் கேனன் 1915-இல் ஒரு நூலாய் வெளியிட்டார். அப்போது இராமாநுஜர் கேம்பிரிட்ஜிற் பட்டினி கிடந்துகொண்டிருந்தார். மாண்ட்ரியால் நகரத்து ஹான்ஸ் செல்யி 1936-இல், எவ்வகைத் துன்பத்திற்கு உட்படுத்தினும் எலிகளின் அட்ரினல் பருத்து, நோயெதிர்க்கும் உறுப்புகள் சுருங்குதலைக் கண்டார். 1948-இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவ மனையில் ஹெஞ்ச் என்பார், மூட்டழற்சியால் முடங்கிக் கிடந்த பெண்ணொருத்திக்குக் கார்ட்டிசோன் கொடுத்து, சில நாளில் எழுந்து நடக்கக் கண்டார். கார்ட்டிசோல் அழற்சியைத் தணிப்பது என்பது அன்றுமுதல் ஐயமற நிறுவப்பட்டது. இன்றும் காசக்கிருமி மூளையுறையைப் பற்றியபோது, கிருமியைக் கொல்லும் மருந்துகளோடு கார்ட்டிசோலின் இனத்ததாகிய டெக்ஸாமெத்தசோனையும் சேர்த்துக் கொடுக்கின்றனர். மூளையின் அழற்சி அடங்குவதால் இறப்போர் தொகை குறைகின்றது.

அங்ஙனமாயின் கவலையுற்றோர்க்கு அழற்சி குறைதலன்றோ வேண்டும்? துன்பம் நன்மருந்தாகவன்றோ அமைதல் வேண்டும்? இவ்வினா அறிஞரையும் நெடுநாள் மயக்கியது. இதற்கு இதுவரை கிடைத்த விடை, காலத்தைப் பொறுத்தது என்பதே. குறுகிய நேரம் சுரந்து அடங்கும் கார்ட்டிசோல், தீயணைக்க வந்த நீர்போலப் பயன்படும். ஆனால் மாதக்கணக்கில் அது ஓயாது சுரக்குமாயின், அதன் ஆணையை ஏற்கும் உயிரணுக்கள் செவிடாகிவிடுகின்றன. ஏவல் கேளாத காவலர்போல அவை அழற்சியைத் தம் போக்கிலே வளர விடுகின்றன. மூளையில் மைக்ரோகிளியா என்னும் காவல் அணுக்கள் உண்டு. எலிகளைக் கொண்டு செய்த ஆய்வுகளில் வியப்பான ஒன்று புலனாயிற்று. நோய்ப்பொருள் உட்புகுந்தபின் இந்த ஹார்மோனைச் செலுத்தினால் அக்காவல் அணுக்களின் சினம் அடங்குகிறது. நோய்ப்பொருள் புகுமுன்னரே செலுத்தியிருந்தால், பின்பு நோய் வரும்போது அவை முன்னினும் மிகச் சினந்து எழுகின்றன. ஹார்மோன் ஒன்றே; முன்னர் வந்ததா பின்னர் வந்ததா என்னும் வேறுபாட்டால் விளைவு தலைகீழாகிறது. இராமாநுஜர்க்கு உளச்சுமை மூன்றாண்டு முன்னே வந்தது. நோய் பின்னே வந்தது.

உடலின் ஓரிடத்துப் புண் மூளையை எட்டும் வழியும் இன்று தெரிந்ததே. ஈரலிலோ குடலிலோ அழற்சி உண்டாயின், ஆங்குப் பிறக்கும் சைட்டோகைன் என்னும் பொருள்கள் இரத்தத்தின் வழியாகவும், வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் வழியாகவும் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் காவல் அணுக்களும் அச்சைட்டோகைன்களைச் சுரக்கத் தொடங்குகின்றன. அப்போது பசி கெடும், உறக்கம் கெடும், மனிதர் முகத்தைக் காணவும் விருப்பமிராது, யாதிலும் இன்பம் தோன்றாது. ஈரல் நோய்க்கு இன்டர்பெரான் என்னும் சைட்டோகைனை மருந்தாகப் பெற்றவர்களிற் பலர், அதுகாறும் மனநோய் அறியாதவராய் இருந்தும், கடுஞ்சோர்வில் ஆழ்ந்ததை மருத்துவர் கண்டுள்ளனர். அம்மருந்து செலுத்தப்பட்டமையாலே நேர்ந்த சோர்வு அது.

1918-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இலண்டன் நிலத்தடி இரயில் நிலையம் ஒன்றில் இராமாநுஜர் தண்டவாளத்தில் விழுந்தார். காவலர் ஒருவர் கண்டு உடனே மின்விசையை நிறுத்த, வண்டி அவர்க்குச் சில அடி முன்னே நின்றது. கால்களிற் காயத்தோடு பிழைத்தார். தற்கொலை முயற்சி அந்நாட்டுச் சட்டப்படி குற்றமாதலின் போலீசார் அவரைக் கொண்டு சென்றனர். ஹார்டி விரைந்து சென்று தம் சொல்வன்மையால் மீட்டார். இந்நிகழ்ச்சி நெடுங்காலம் வெளியிற் பேசப்படவில்லை. பேசியவரும் காரணத்தை அவர் மனத்தின் இயல்பிலேயே தேடினர். இராமாநுஜரின் மூளையில் அழற்சி இருந்தது என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. அதனை அளக்கும் கருவி அக்காலத்து எங்கும் இல்லை. ஆயினும் ஓராண்டாய்க் காய்ச்சலில் வெந்த ஓர் உடலும், நான்காண்டாய்ப் பசி, விழிப்பு, தனிமை ஆகியவற்றைத் தாங்கிய ஒரு நெஞ்சும் ஒன்றையொன்று எங்ஙனம் வீழ்த்தக்கூடும் என்பது இன்று தெரிந்திருக்க, அன்று நிகழ்ந்ததனைக் கோழைமை என்று சொல்லுவார் உடலைப் பற்றியும் அறியார், இராமாநுஜரைப் பற்றியும் அறியார்.

அதன்பின் நிகழ்ந்தனவே இக்கருத்துக்கு அரண். அவ்வாண்டிலே இராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. அக்டோபரில் டிரினிட்டிக் கல்லூரி தன் பெலோ ஆக்கியது. நவம்பரிற் போர் ஓய்ந்தது. காய்ச்சல் சற்று அடங்கி, உடலின் எடையும் கூடியது. பட்னி என்னும் இடத்து மருத்துவ மனையில் ஹார்டி அவரைக் காணச் சென்றபோது, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும் அதிற் சிறப்பொன்றும் இல்லையென்றும் கூற, இரு கனங்களின் கூட்டாக இருவகையில் எழுதப்படும் எண்களுள் அதுவே மிகச் சிறியது என்று படுக்கையிற் கிடந்தவாறே இராமாநுஜர் விடையிறுத்த செய்தி உலகறிந்தது. 1919-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்திற்கு ஒரு கடிதம் எழுதினார். தமக்கு அளிக்கும் தொகை தம் தேவைக்கு மிகுதியென்றும், எஞ்சியதை ஏழைச் சிறுவர்க்கும் அனாதைகளுக்கும் கல்விச் செலவாகக் கொடுக்கவேண்டுமென்றும் அதில் வேண்டினார். ஓராண்டுக்கு முன் உயிரை வெறுத்திருந்தவர் எழுதிய கடிதம் இது.

1919-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் நாள் பம்பாயில் இறங்கினார். வரவேற்கத் தாயும் தம்பியும் வந்திருந்தனர்; மனைவியைக் காணோம். சென்னை வந்தபின்னரே ஜானகி அம்மையார் கணவரிடம் சேர்ந்தார். தடுக்கப்பட்ட கடிதங்களின் செய்தி அப்போதுதான் இருவர்க்கும் வெளியாயிற்று. கொடுமுடியிலும் குடந்தையிலும் சில திங்கள் கழித்து மீண்டும் சென்னைக்கு வந்து, சேத்துப்பட்டில் ஒரு வீட்டில் தங்கினார். காசநோய் மருத்துவத்தில் வல்லவரான சந்திரசேகரர் அவரைப் பார்த்துவந்தார். ஈரலின் நோயோ உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

அந்நாட்களிலும் அவர் எழுதினார். வலி பொறுக்க முடியாதபோதும் பலகையும் தாளும் கேட்டு வாங்கிக்கொள்வார் என்று ஜானகி அம்மையார் பிற்காலத்திற் சொல்லியிருக்கின்றார். 1920-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் நாள் ஹார்டிக்கு எழுதிய இறுதிக் கடிதத்திலே தாம் புதிதாய்க் கண்ட போலித் தீட்டாச் சார்புகளைப் பற்றி அறிவித்தார். மூளை எரிந்துபோனவர் எழுதக்கூடிய கடிதமன்று அது. அவ்வாண்டு ஏப்பிரல் 26-ஆம் நாள் காலையில் உயிர் பிரிந்தது.

அம்மையார்க்கு அப்போது அகவை இருபத்தொன்று. கணவர் எழுதிய தாள்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே ஹார்டியைச் சென்றடைந்தன. அவற்றுட் பெரும்பகுதி, கைமாறிக் கைமாறி, டிரினிட்டிக் கல்லூரி நூலகத்திலே எவரும் நோக்காமற் கிடந்தது. 1976-இல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அமெரிக்கக் கணிதர் அங்கே பழந்தாள்களைப் புரட்டியபோது, நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்களில் அக்கையெழுத்தைக் கண்டார். அச்செய்தி வந்தபோது ஜானகி அம்மையார் திருவல்லிக்கேணியில் வாழ்ந்துகொண்டிருந்தார், 1994-இற்றான் மறைந்தார்.